கொயோட்டியின் வழித்தடம்



வட அமெரிக்காவின் மேற்குப் புலங்களிலே பொழுது சாயும் வேளையில் எழுகின்ற ஊளையொலி ஒன்று உண்டு. நம் நாட்டு நரியின் குரலைக் கேட்டுப் பழகியோர்க்கு அது முற்றும் புதியதாகத் தோன்றாது. தாழத் தொடங்கி, உயர எழுந்து, இடையிடையே குரைப்பாகச் சிதறி முடியும் அவ்வொலிக்கு உரிய விலங்கு கொயோட்டி. நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது, ஓநாயினும் சிறியது, நம் நரியினும் பெரியது. மேற்கு மாநிலங்களில் வாழ்வது இருபது முதல் முப்பத்தைந்து இறாத்தல் வரை நிறையுடையது. கிழக்கே செல்லச் செல்ல உடல் பருத்துக் காணப்படும். மெக்சிக்கோவின் ஆஸ்டெக் மக்கள் பேசிய நாகுவாட்டில் மொழியில் ‘கொயோட்டில்’ என வழங்கிய பெயரே ஸ்பானியர் வாயிலாக இன்று உலகெங்கும் பரவியுள்ளது. 1804ஆம் ஆண்டிலே மேற்குத் திசை நோக்கிப் பயணஞ் செய்த லூயிஸ், கிளார்க் என்போர் இதனைப் புல்வெளி ஓநாய் என்று குறித்தனர். 1823இல் தாமஸ் சே என்னும் இயற்கை நூலறிஞர், குரைக்கும் நாய் எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை இதற்குச் சூட்டினார்.

நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்பது நம்மவர் பழமொழி. வழிப்போக்கனுக்கு அது போதும். பொறிவைப்போனுக்கோ அது போதாது. இடம் போகிறதா, வலம் போகிறதா, போகும்போது எந்தப் பாதம் எந்தப் புல்லை மிதிக்கிறது என்பதை அறிவதே அவனுடைய தொழில். அத்தொழிலைப் பற்றியும், அதனைச் செய்வோர் பலர் கவனியாது விடும் ஓர் உண்மையைப் பற்றியும் இப்பேச்சிலே கூற விரும்புகிறேன்.

கொயோட்டியைப் பிடிப்போர் இருதிறத்தினர். ஒரு திறத்தார் அதன் மயிர்த்தோலுக்காகப் பிடிப்போர். குளிர்காலம் தொடங்கியதும் அதன் மயிர் அடர்ந்து நீண்டு வளரும். குளிராடைகளின் தலைமூடியைச் சுற்றித் தைப்பதற்கு அது உதவும். இவ்வணிகம் இப்பொழுது தளர்ந்து வருகிறது. கனடாவின் பெயர்பெற்ற குளிராடை நிறுவனம் ஒன்று 2021ஆம் ஆண்டிலே, இனி மயிர்த்தோல் வாங்குவதில்லை என அறிவித்தது. மற்றொரு திறத்தார் செம்மறிப் பண்ணையாளரும் அவர்களுக்காக வேலை செய்வோருமாவர். ஈன்ற பட்டியிலே விடிந்ததும் கழுத்துக் கடிபட்ட குட்டிகளைக் காணும் பண்ணையாளனின் மனநிலையை ஆடு வளர்ப்போர் எவரும் அறிவர். இவ்விரு திறத்தாரும் ஒரே வகைப் பொறியைக் கையாள்கின்றனர்; ஒரே கடையில் வாங்குகின்றனர்; ஒரே கைந்நூலைப் படிக்கின்றனர். ஆயினும் இருவர் தொழிலும் ஒன்றன்று. தோல் வேண்டுவோனுக்கு எந்தக் கொயோட்டி அகப்பட்டாலும் ஊதியமே. ஆட்டைக் காக்க வேண்டுவோனுக்கு ஒரு குறிப்பிட்ட கொயோட்டி, அல்லது ஒரு குறிப்பிட்ட சோடி, அகப்பட வேண்டும். மற்றவை அகப்படுவதால் அவனுக்குப் பயனில்லை.

இவ்வேறுபாட்டை அமெரிக்க அரசே நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. 1931ஆம் ஆண்டிலே அந்நாட்டுப் பேரவை நிறைவேற்றிய சட்டத்தின்படி, கால்நடைக்குத் தீங்கு செய்யும் விலங்குகளை ஒழிக்கும் பணி அரசின் பணியாயிற்று. பொறி, துப்பாக்கி, நஞ்சு யாவும் அதற்குக் கருவிகளாயின. 1940களிலே 1080 என்னும் எண்ணால் அறியப்படும் கொடிய நஞ்சும் வந்து சேர்ந்தது. கூட்டரசுக்குரிய நிலங்களில் இத்தகைய நஞ்சிடுதலை அதிபர் நிக்சன் 1972இல் தடைசெய்தார். பின்னர் அத்தடை ஓரளவு தளர்த்தப்பட்டது. 2018ஆம் ஆண்டில் மட்டும் கூட்டரசின் ஊழியரால் கொல்லப்பட்ட கொயோட்டிகள் 68,000க்கு மேல். இத்தனைக்கும் விலங்கு குறைந்ததா என்றால், அதுதான் இல்லை. ஒரு காலத்தில் மேற்குப் புல்வெளிகளிலும் பாலைகளிலும் மட்டும் வாழ்ந்தது, இன்று அலாஸ்காவிலிருந்து பனாமா வரை காணப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் ஹவாய்த் தீவுகளைத் தவிர அது கால்வைக்காத மாநிலம் இல்லை. ஓநாய் அழிந்ததும் காடு திருத்தப்பட்டதும் அதற்கு வழிதிறந்தன என்பது மெய்யே. ஆயினும் அதன் இனப்பெருக்க இயல்பும் ஒரு காரணம். நெருக்கடி குறைந்து இரை மிகுந்தால் கூடுதலான பெட்டைகள் ஈனும்; குட்டிகளுட் பல பிழைக்கும். கொனொலி, லோங்கேர்ஸ்ட் என்னும் கலிபோர்னிய ஆய்வாளர் இருவர் 1975இலே ஒரு கணக்கிட்டுப் பார்த்தனர். ஆண்டுதோறும் நூற்றுக்கு எழுபத்தைந்து கொயோட்டிகளை விடாது கொன்றுவந்தாலும், ஒரு கூட்டத்தை முற்றாக ஒழிக்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் செல்லும் என்பது அவர்கள் கண்ட விடை. அத்தனை ஆண்டு விடாப்பிடியாகப் பொறிவைக்கும் அரசு எங்கே உளது?

ஆகவே எத்தனை என்னும் கேள்வியை விட்டு, எது, எங்கே, எப்பொழுது என்னும் கேள்விகளுக்கு வருவோம். விடையைத் தரையிலேதான் தேடவேண்டும்.

கொயோட்டியின் அடிச்சுவடு முட்டை வடிவினது. ஏறத்தாழ இரண்டரை அங்குல நீளமும் இரண்டு அங்குல அகலமும் உடையது. நடு விரல்களின் நகக்குறிகள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். நாயின் சுவடோ அகன்று விரிந்திருக்கும். ஒற்றைச் சுவட்டைக் கொண்டு முடிவு கட்டுவது எளிதன்று. பத்துச் சுவடுகளைத் தொடர்ந்து பார்த்தால் ஐயம் நீங்கும். கொயோட்டி சிறு ஓட்டமாகச் செல்லும்போது பின்பாதம் முன்பாதத்தின் சுவட்டிலேயே, அல்லது அதன் அருகிலேயே விழும். நூல் பிடித்தாற்போல நேராகச் செல்லும் வரிசை அது. பண்ணை நாயின் தடமோ இப்புதரை மோந்து, அப்புறம் ஓடி, திரும்பி வந்து, வெறுமனே அலைந்து திரியும். வீட்டிலே தட்டில் உணவு காத்திருக்கும் பிராணிக்குக் கால்வலி ஒன்றே செலவு. காட்டுப் பிராணிக்கு ஒவ்வோர் அடியும் உண்ட எலியின் விலை.

இச்சிக்கனமே அதன் வழியைத் தீர்மானிக்கிறது. முட்புதரைக் கிழித்துக்கொண்டு அது செல்லாது. பழைய வண்டித்தடம், மாடு நடந்த ஒற்றையடிப்பாதை, நீர்வற்றிய ஓடைப்படுகை, காடும் வயலும் சந்திக்கும் ஓரம், வேலியின் நெடுக்கு, மலைமுகட்டில் இரு மேடுகளுக்கு இடையே தாழ்ந்த கடவை ஆகிய இவையே அதற்கு உகந்த வழிகள். பனி ஆழமாகப் பெய்துவிட்டால், வண்டியோடி இறுகிய தடத்தையும் உறைந்த ஆற்றையும் நாடும். இரண்டு வழிகள் கூடும் இடத்தை நல்ல பொறிவைப்போன் ஒருபோதும் பார்க்காது கடந்து செல்லான். ஒரே வழியில் ஒரே விலங்கு நாள்தோறும் வரும் என எதிர்பார்த்தலும் தவறு. அதன் வாழ்புலம் பெரிது. ஒரு மூலைக்கு மீண்டு வர அதற்குச் சில நாள் ஆகலாம்.

அடுத்து மூக்கு. கொயோட்டி கண்ணாலும் செவியாலும் அறிந்ததை மூக்கால் உறுதி செய்துகொள்ளும் விலங்கு. புதியதோர் மணம் வந்தால் நேரே பாய்ந்து செல்லாது. வளைந்து சென்று, காற்று மணத்தைச் சுமந்து வரும் பக்கத்தில் நின்று, மெல்ல நெருங்கும். எனவே வழக்கமாக வீசும் காற்று எத்திசையது என்பதை அறிந்து, மணமிட்ட இடத்திலிருந்து காற்று வழித்தடத்தை நோக்கி வீசுமாறு பொறி வைக்கப்படும். வழியின் தவறான பக்கத்திலே வைத்த பொறி, எவ்வளவு திறமையாகப் புதைக்கப்பட்டிருப்பினும், விலங்குக்குத் தெரியாமலே கிடந்து துருப்பிடிக்கும்.

மணத்திலே அது பேசவும் செய்கிறது. தனித்து நிற்கும் கல், வேலிக்கால், புற்கற்றை முதலியவற்றின்மேல் சிறுநீர் பெய்து, பின்காலால் மண்ணைக் கீறிவிட்டுச் செல்லும். ‘இது எம் புலம்’ என்பது அதன் பொருள். சோடியாக வாழும் கொயோட்டிகள் தம் புலத்தின் எல்லையோரங்களிலே இக்குறிகளை மிகுதியாக இடுகின்றன. ஊளையும் ஓரளவுக்கு இவ்வகையதே. இரண்டே கொயோட்டிகள் குரலை மாற்றி மாற்றி எழுப்பும்போது கேட்போர்க்கு ஒரு பெருங்கூட்டம் ஊளையிடுவதாகத் தோன்றும். அனுபவமற்றோர் அவ்வொலியைக் கேட்டு, பத்துக் கொயோட்டிகள் வந்துவிட்டன எனக் கூறுவதுண்டு.

இனிப் பொறி. இன்று வழங்கும் கால்பற்றும் இரும்புப் பொறிகள், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நியூயோர்க் மாநிலத்தில் சூவல் நியூஹவுஸ் என்பார் செப்பமுறச் செய்த பொறிகளின் வழித்தோன்றல்கள். இரண்டு தாடைகள், விற்சுருள், நடுவிலே மிதிதட்டு. மிகுதியாகக் கையாளப்படும் முறை, விலங்கொன்று இரையைப் புதைத்து வைத்த குழியைப்போல் தோன்றச் செய்வது. புற்கற்றையின் அடியிலே சாய்வாகச் சிறு குழி தோண்டி, அதனுள் இரைத்துண்டும் மணப்பொருளும் இடுவர். குழிக்கு முன்பாக ஏறக்குறைய எட்டு அங்குலத் தொலைவில், நடுக்கோட்டிலிருந்து சிறிது விலக்கி, பொறியைப் புதைப்பர். விலக்குவதேன் எனின், குழியை எட்டிப் பார்க்கும் விலங்கின் மூக்கு நடுவிலிருக்கும். பாதம் நடுவில் இராது. பொறி தரையில் ஆடாது அமர்ந்திருத்தல் இன்றியமையாதது. மிதித்ததும் மண் அசையுமாயின், கொயோட்டி பாதத்தை மெல்ல எடுத்துக்கொள்ளும். சில வேளைகளில் பொறியையே தோண்டிப் புரட்டிவிட்டும் போகும். சல்லடையில் அரித்த உலர்ந்த மண்ணையே மேலே தூவ வேண்டும். ஈரமண் இரவில் உறைந்தால் பொறி விடுபடாது.

மனிதவாடை பற்றிப் பொறிவைப்போர் செய்யும் ஆரவாரம் பெரிது. பொறியை மரப்பட்டையோடு அவித்தலும், மெழுகிடலும், தூய கையுறை அணிதலும் நல்ல பழக்கங்களே. ஆனால் பண்ணைகளின் நடுவே வாழும் கொயோட்டி மனிதவாடையை நாள்தோறும் முகர்ந்து வாழ்கிறது. சிக்காகோ நகரையும் அதன் சூழலையும் உள்ளடக்கிய குக் மாவட்டத்திலே, 2000ஆம் ஆண்டு முதல் வானொலிக் கழுத்துப்பட்டி பூட்டி ஆராயப்பட்டுவரும் கொயோட்டிகள் இலட்சக்கணக்கான மக்களின் இடையே குட்டி போட்டு வாழ்கின்றன. மனிதவாடை இருப்பது அதனை வெருட்டுவதில்லை. இருக்கத்தகாத இடத்தில் இருப்பதே வெருட்டுகிறது என்பது என் கருத்து.

அதே சிக்காகோ ஆய்வு மற்றொன்றையும் தெளிவாக்கியது. கொயோட்டிகள் இருவகை வாழ்வுடையன. சோடியாகவோ குடும்பமாகவோ ஒரு புலத்தைப் பற்றிக்கொண்டு வாழ்வன ஒருவகை. அந்நகர்ப்புறத்திலே அவற்றின் புலம் சராசரியாக ஏறக்குறைய இரண்டு சதுர மைல். சொந்தப் புலமின்றி, பிறர் எல்லைகளுக்கு இடையே நழுவி நழுவித் திரிவன மற்றொரு வகை. அவை சுற்றும் பரப்புச் சராசரியாகப் பத்துச் சதுர மைல் வரையாகும். வறண்ட மேற்குப் புலங்களில் இவ்வளவுகள் இன்னும் விரியும். புலமுடையோன் இறந்தால் புலமற்றோன் அவ்விடத்தை நிரப்பிவிடுவான்.

இவ்விருவகையுள் எது பொறியில் அகப்படும்? இதுவே நான் முன்னர்க் குறித்த உண்மை. டெக்சாஸ் மாநிலத்தின் தென்பகுதியிலே வின்ட்பேர்க், நோல்ட்டன் என்னும் ஆய்வாளர் நடத்தி 1990இல் வெளியிட்ட ஆய்வின்படி, புலமுடைய கொயோட்டிகள் தம் புலத்தின் எல்லையிலும் அதற்கு வெளியிலுமே பெரும்பாலும் அகப்பட்டன. நடுப்புலத்திலே அகப்பட்டவை மிகச் சில. காரணம் ஊகிக்கத்தக்கதே. தன் முற்றத்தில் ஒரு கல் இடம்மாறிக் கிடந்தால் வீட்டுக்காரன் உடனே கவனிப்பான். அயலூர்த் தெருவிலோ எல்லாக் கல்லும் அவனுக்குப் புதியவை. கொயோட்டியும் தன் புலத்தினுள்ளே புதிய பொருளைக் கண்டு கூசி ஒதுங்குகிறது. வெளியிலே அத்தனை கூச்சம் அதற்கில்லை.

ஆட்டுக்குட்டிகளைக் கொல்வது எது என்னும் கேள்விக்கு விடை கலிபோர்னியாவின் ஹொப்லண்ட் ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து 1990களில் கிடைத்தது. அங்கே செம்மறிகளைக் கொன்றவை பெரும்பாலும் புலமுடைய, இனம்பெருக்கும் கொயோட்டிகளே. அவை கொன்றதும் தம் புலத்தினுள்ளேயே. அதே பண்ணையின் பல்லாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 1998இல் வெளியிட்டோர், வேறுபாடின்றிக் கொயோட்டிகளை அகற்றியதற்கும் ஆடுகளின் இழப்புக் குறைந்ததற்கும் தொடர்பு காணவில்லை. இவ்விரண்டையும் டெக்சாஸ் ஆய்வோடு பொருத்திப் பாருங்கள். குட்டியைக் கொன்ற சோடி தன் புலத்தின் நடுவிலே பொறிக்குத் தப்பி வாழ்கிறது. பொறியில் கால்மாட்டி நிற்பதோ ஆட்டின் முகத்தையே கண்டறியாத வழிப்போக்கன். பண்ணையாளன் வேலியிலே ஒரு தோல் தொங்குகிறது. பட்டியிலே மறுநாளும் ஒரு குட்டி குறைகிறது.

ஆண்டின் ஓட்டமும் இதற்குத் துணைபோகிறது. கொயோட்டிகள் தை, மாசி மாதங்களிலே கூடும். அறுபத்து மூன்று நாள் அளவில், இளவேனிற் காலத்தில் குட்டிகள் பிறக்கும். ஓர் ஈற்றுக்குச் சராசரியாக ஆறு குட்டிகள். அப்பொழுது தாய் வளையருகே தங்க, தந்தை இரை சுமக்கும். அத்தனை வாய்களுக்கு எலி போதாது, முயலும் போதாது. பல பண்ணைகளிலே செம்மறி ஈனும் காலமும் அதுவே. கோடையில் பழங்களும் வெட்டுக்கிளிகளும் மலிந்ததும் நெருக்கடி தணியும். இலையுதிர் காலம் வந்ததும் அவ்வாண்டுக் குட்டிகள் பல பிறந்த புலத்தை விட்டுப் புறப்படும். சில நூறு மைலுக்கு மேலும் சென்றதுண்டு. மயிர்த்தோல் வேட்டையின் காலம் தொடங்குவதும் அப்பொழுதே. வழியறியாத, பொறியறியாத இளங்கொயோட்டிகள் அயற்புலங்களினூடே அலையும் அவ்வேளையில் பொறிவைப்போனுக்குக் கை நிறையக் கிடைப்பதில் வியப்பில்லை. தோல் வணிகனுக்கு அது நல்ல அறுவடை. அதே அறுவடையைப் பார்த்து, அடுத்த ஈற்றுக்காலத்தில் தன் பட்டி பிழைத்தது என்று ஆட்டுக்காரன் எண்ணுவானாயின் ஏமாறுவான்.

ஆகவே ஆட்டைக் காக்கப் பொறிவைப்போன் முதலிலே இறந்த குட்டியைப் பார்க்க வேண்டும். நாய் கடித்தால் பின்னங்காலும் விலாவும் கண்டபடி கிழிந்திருக்கும். கொயோட்டி பெரும்பாலும் தொண்டையைப் பற்றிக் கொல்லும். நோயால் இறந்ததை அது பின்னர் வந்து தின்றிருக்கவும் கூடும். தோலை உரித்துப் பார்த்து, கடித்த இடத்தில் இரத்தம் கட்டியிருந்தால் உயிரோடிருக்கையில் கடித்ததெனத் துணியலாம். பின்னர் அங்கிருந்து செல்லும் தடத்தைத் தொடர வேண்டும். மாலையில் ஊளை எழும் திசைகளைப் பல இடங்களிலிருந்து குறித்துக்கொண்டால் வளை இருக்கும் பக்கம் புலப்படும். வளைக்கும் பட்டிக்கும் இடையிலுள்ள வழியிலே, அதுவும் கூடியவரை புலத்தின் ஓரத்திலே, இரண்டு மூன்று பொறிகளை வைத்தல், நாடெங்கும் ஐம்பது வைப்பதினும் மேலானது. இதற்கு வேண்டியது பொறுமை, பொறி அன்று.

அகப்படத் தகாதவையும் அகப்படும் என்பதை மறத்தல் கூடாது. நரி, பட்ஜர், அயலான் வளர்க்கும் நாய் யாவும் ஒரே மணத்தால் இழுக்கப்படும். மிதிதட்டைச் சிறிது இறுக்கி வைத்தால் நிறை குறைந்த விலங்குகள் மிதித்தும் பொறி விடுபடாது. தாடைகளுக்கு இறப்பர் பூசுதல், சங்கிலியிலே சுழலும் வளையம் சேர்த்தல் ஆகியன கால் சிதையாமல் காக்கும். பல மாநிலங்களில் பொறியை நாள்தோறும் பார்வையிட வேண்டுமென்பது சட்டம்; சட்டமில்லாத இடத்திலும் வேறு நியாயம் எனக்குத் தோன்றவில்லை. கொலராடோ, மசாச்சூசெட்ஸ் மாநில மக்கள் 1996இலும், கலிபோர்னிய மக்கள் 1998இலும் வாக்களித்து இப்பொறிகளைப் பெரும்பாலும் விலக்கினர். ஐரோப்பிய நாடுகளின் ஒன்றியமோ 1991இலேயே அதற்கு விதி செய்துவிட்டது.

பொறியின்றியும் சில செய்யலாம். காவல் நாய்களை ஆட்டுமந்தையோடு குட்டியிலிருந்தே வளர்க்கும் ஐரோப்பிய வழக்கம் 1970களின் பிற்பகுதி தொட்டு அமெரிக்காவிலும் பரவி, பல பண்ணைகளில் நற்பயன் தந்துள்ளது. யூட்டா மாநிலத்திலே புலமுடைய சோடிகளுக்கு அறுவை செய்து, புலத்தை விடாமலும் குட்டி ஈனாமலும் இருக்கச் செய்து பார்த்தனர். 2001இல் வெளியான அதன் முடிவு கருதத்தக்கது. குட்டியில்லாத சோடிகள் ஆட்டுக்குட்டிகளைக் கொன்றது மிகக் குறைவு. ஊட்டவேண்டிய வாய்கள் இல்லாதபோது, எலியும் முயலும் அவற்றுக்குப் போதுமாயின.

குற்றஞ்செய்த சோடியையே சரியாக இனங்கண்டு அகற்றியபோதும், ஹொப்லண்டிலே இழப்புக் குறைந்திருந்தது சில வாரங்கள் தொடங்கிச் சில மாதங்கள் வரையே. அதற்குள் புலமற்றுத் திரிந்த வேறொரு சோடி வந்து, அதே கல்லிலும் அதே வேலிக்காலிலும் தன் மணத்தை இட்டுவிடுகிறது. அது ஆட்டைத் தொடும் சோடியா, எலியோடு நின்றுவிடும் சோடியா என்பது அடுத்த ஈற்றின்போதுதான் தெரியவரும். அதுவரை பண்ணையாளன் மழை ஓய்ந்த காலைகளில் வேலியோரம் நடந்து, ஈரமண்ணிலே புதிய சுவடுகள் எந்தப் பக்கமிருந்து வருகின்றன என்று பார்த்துக்கொண்டேயிருக்கிறான்.